போர்க்கப்பல் தேக்கா, படகு அயினியா, நம்மூர்ப் பனையா? பேனா கடைய எந்த மரம்?

ராமேசுவரம் கோயிலுக்கும் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்கும் வருகிறவர்கள் சங்கும் சிப்பி மாலையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் கையால் கடைந்த ஒரு நல்ல மரப்பேனாவை வைத்தால் வாங்க ஆள் இருக்கும் என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகமே இல்லை. மண்டபத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா, கடை நடத்தும் மைத்துனர், நான் என்று மூவர் சேர்ந்து இதைத் தொடங்கப் போகிறோம். எந்த மரத்தில் கடைவது என்ற ஒரு கேள்வியில்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.

பழைய போர்க்கப்பலின் மரத்தை வரவழைத்துக் கடைய வேண்டும் என்பது மைத்துனரின் கட்சி. வெளிநாடுகளில் அப்படிப்பட்ட பேனாக்கள் சான்றிதழோடு நல்ல விலைக்கு விற்பதை அவர் பார்த்திருக்கிறார். சித்தப்பாவோ, “பூவரசும் பனையும் வாசலில் இருக்கும்போது கப்பலைத் தேடி எதற்கு அலைய வேண்டும்?” என்கிறார். இந்தக் கரையில் கழித்துப் போடும் மரப்படகுகளின் பலகைதான் சரி என்பது என் எண்ணம். மூன்றையும் நிறுத்துப் பார்த்து எழுதுகிறேன். இதே தொழிலில் இறங்க நினைக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேனாவைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான மெல்லிய பந்துமுனைப் பேனாவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் சதுரமும் 125 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டை போதும். அதை இரண்டாக அறுத்து, நடுவில் 7 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் குழலைப் பசை தடவிச் செருகி, பசை இறுகியபின் கடைசல் தண்டில் மாட்டி உளி வைக்கிறோம். கடைந்து முடிக்கும்போது குழலின் மேல் எவ்வளவு மரம் மிஞ்சும்? நடுவில் சற்றுத் தடிமனாக இருக்கும். முனைகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே பித்தளை, அதற்குள் மைக்குழல், வெளியே உலோக முனையும் கிளிப்பும். மரம் என்று வாங்குகிறவர் கையில் பிடிப்பது ஒரு மெல்லிய தோலைத்தான். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் அவர் கூடுதல் விலை கொடுக்கிறார். ஆகவே மரத்தின் வரலாறு மெய்யாக இருந்தாக வேண்டும். அது பொய்யென்றால் விற்ற பொருளில் பெரும்பகுதி பொய்.

போர்க்கப்பல் மரத்துக்கு உள்ள கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் இந்தப் பழக்கம் இருநூறு ஆண்டுகளை நெருங்குகிறது. 1782இல் ஸ்பிட்ஹெட் துறையில் நங்கூரமிட்டு நின்றபடியே மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ கப்பலின் சிதைவை 1839 முதல் பாஸ்லி என்ற ராணுவப் பொறியாளர் அகற்றத் தொடங்கினார். அப்போது மேலே வந்த ஓக் மரம் கைத்தடிகளாகவும் சிறு பெட்டிகளாகவும் புத்தக அட்டைகளாகவும் மாறியது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் ஒரு காலத்தில் தன் தலைமைக் கப்பலாக வைத்திருந்த ‘ஃபூட்ராயன்ட்’ 1897இல் பிளாக்பூல் கரையில் புயலில் ஒதுங்கி உடைந்தது. அதன் மரமும் செம்பும் நினைவுப் பொருள்களாக விற்றுத் தீர்ந்தன. அமெரிக்காவில் 1797இல் நீரில் இறங்கிய ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பலை 1920களின் பிற்பகுதியில் பழுது பார்த்தபோது, கழித்த மரத்தில் செய்த பொருள்களை விற்றுச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள்.

பேனா கடைபவர்கள் நடுவே இன்று அதிகம் பேசப்படுவது ‘நார்த் கரோலைனா’ போர்க்கப்பலின் மேல்தளத் தேக்கு. 1941இல் பணியில் சேர்ந்து பசிபிக் போரில் ஈடுபட்ட கப்பல் அது. உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1962 முதல் வில்மிங்டன் நகரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. எஃகுக் கப்பலுக்கு மரத்தளம் எதற்கு என்று கேட்கலாம். வெயிலில் எஃகுத் தகடு கால் வைக்க முடியாதபடி சுடும், நனைந்தால் வழுக்கும். தேக்குப் பலகை இரண்டையும் தடுத்தது. பழுது பார்க்கும்போது பெயர்த்தெடுத்த அந்தப் பலகைகள்தான் பேனாவாகியிருக்கின்றன.

தேக்கு என்றால் நமக்கும் பங்கு உண்டு. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் கடற்படை பம்பாய்க் கப்பல் தளத்தை நாடியது. அங்கே ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய கப்பலின் பெயர் ‘டிரிங்கோமலி’. நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருகோணமலையின் பெயர்தான் அது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் 1813இல் அதே தளத்தில் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலின் மேல்தான் 1842இல் சீனாவுடனான நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் நாட்டுத் தேக்கு, நம் நாட்டுத் தச்சர்களின் கை, மறுகரையில் உள்ள தமிழ் ஊரின் பெயர் என்று மைத்துனர் அடுக்கும்போது எனக்கும் மனம் சாயத்தான் செய்கிறது.

கடைசலுக்கு எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு மரங்களும் இரண்டு விதம். தேக்கு உளிக்கு இணங்கும், பிளக்காது, வெயிலிலும் மழையிலும் அதிகம் அசையாது. ஆனால் அதில் மணல் போன்ற சிலிக்கா கலந்திருப்பதால் உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். இயல்பான எண்ணெய்ப் பசை இருப்பதால், துளையின் உட்புறத்தை அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைக்காமல் பசை போட்டால் பித்தளைக் குழல் ஒருநாள் கழன்றுவிடும். ஓக் மரத்தில் துவாரம் அதிகம். நிரப்பி நிரப்பித்தான் மழுமழுப்பு வரும். அதற்கென்று ஓர் அழகும் உண்டு. ஓக்கில் துவர்ப்புச் சத்து நிறைய. இரும்பு ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் நீலம் பாய்ந்த கறுப்பாக மாறியிருக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான் அந்த மரத்துக்குள் நூறு இருநூறு ஆண்டுகளாக நடந்திருக்கிறது. எழுதுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான கறை வேறு இல்லை.

இவ்வளவு சொன்னபிறகும் போர்க்கப்பல் மரத்தை எங்கள் தொழிலுக்கு அடிப்படையாக வைக்க நான் ஒப்பவில்லை. விலை முதல் காரணம் அன்று. விலையும் ஒரு காரணம்தான். ஒவ்வொரு கட்டையும் யானை விலை. துளையிடும்போது ஒன்று வெடித்தால் அந்த நட்டத்தை மற்றப் பேனாக்களின் மேல்தான் ஏற்ற வேண்டும். மரமாக இறக்குமதி செய்தால் சுங்கத்தோடு தாவர நோய்த் தடுப்பு விதிகளையும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது சான்று. தேக்குத் துண்டு ஒன்றைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் இது தேக்கு என்று உறுதியாகச் சொல்வார்கள். எந்தக் கப்பலின் தேக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. ஓக் மரத்தின் வயதை ஆண்டு வளையங்களை எண்ணிக் கணிக்கும் முறை இருக்கிறது. அதற்குத் தொடர்ச்சியாகப் பல பத்து வளையங்கள் வேண்டும். 19 மில்லிமீட்டர் கட்டையில் அவ்வளவு வளையம் ஏது? ஆகவே அந்த மரம் அந்தக் கப்பலினுடையது என்பதற்குக் காகிதம் ஒன்றே சாட்சி. கப்பலைப் பராமரிக்கும் அருங்காட்சியகமே நேராக விற்றால், எந்தப் பழுதுபார்ப்பில், கப்பலின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று எழுதித் தந்தால், அந்தக் காகிதத்தை நம்பலாம். கை மாறிக் கை மாறி வந்த கட்டையோடு இணைத்த அட்டையை எப்படி நம்புவது? ராமேசுவரத்தில் எங்கள் கடைக்கு வரும் ஒருவர், “இது உண்மையிலேயே அந்தக் கப்பல் மரமா?” என்று கேட்டால் மைத்துனர் என்ன பதில் சொல்வார்? எங்கோ ஒருவர் எழுதிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். தானே கண்டதாக ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

நம் கடற்படைக் கப்பல்களின் மரம் கிடைக்காதா என்றும் பார்த்தோம். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 1997இல் பணி ஓய்வு பெற்று, 2014இல் ஏலத்துக்குப் பின் உடைக்கப்பட்டது. அதன் எஃகில் ஒரு பகுதியை உருக்கி மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படுத்தி, பஜாஜ் நிறுவனம் 2016இல் ‘வி’ என்ற பெயரில் விற்றது. இக்காலப் போர்க்கப்பலில் கிடைப்பது எஃகுதான். மரம் கிடைத்தாலும் முறையான ஏலத்தில், ஆவணத்தோடு வாங்கினால்தான் அது மேற்சொன்ன சோதனையில் தேறும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். “நம் கடலிலேயே எத்தனையோ பழைய கப்பல் கிடக்கிறதே, முத்துக் குளிப்பவரிடமோ சங்கு குளிப்பவரிடமோ சொன்னால் ஒரு கட்டை எடுத்துத் தர மாட்டாரா?” என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நூறு ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கிடக்கும் சிதைவின் மேல் பவளம் வளர்ந்திருக்கும், மீன் குடியிருக்கும். ஒரு பேனாவுக்காக அதைப் பெயர்ப்பது குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடாத காரியம். அதோடு, பல காலம் உப்புநீரில் ஊறிய மரம் வெளியே எடுத்ததும் சுருங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும்.

இனி நான் பரிந்து பேசும் படகு மரத்துக்கு வருகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் படகுகளை மேலேற்றி வைத்துப் பழுது பார்ப்பது அப்போதுதான். செதில் செதிலாக உரிந்த சாயத்தைச் சுரண்டுவார்கள், பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்துப் பார்ப்பார்கள், இற்றுப்போன பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப்பலகை அடிப்பார்கள். கழற்றிய பலகை பெரும்பாலும் அடுப்புக்குப் போகிறது. புதிதாக இறங்கும் வள்ளங்களில் ஃபைபர் கூடிக்கொண்டே வருவதால், மரப்படகு கட்டும் ஆசாரிகளுக்கு வேலை குறைகிறது. பழைய மரப்படகுகள் ஒவ்வொன்றாக உடைபடுகின்றன. அந்தப் பலகைக்கு இருபது முப்பது ஆண்டுக் கடல் வாழ்க்கை இருக்கலாம். போரைப் பார்த்ததில்லை என்பதைத் தவிர, போர்க்கப்பல் பலகைக்கு அது எந்த வகையில் குறைந்தது?

படகுப் பலகைக்கு நம் பக்கம் பெயர்பெற்றது அயினி. பலாவின் இனம். புதிதில் பொன்மஞ்சளாக இருந்து நாள்பட நாள்படப் பழுப்பேறும். தேக்கு அளவுக்கு விலையில்லை, ஆனால் கடல்நீரைத் தாங்குவதில் உறுதியானது. வளைவான உள்கட்டைகளுக்கு, இயல்பாகவே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேலத்தைத் தேடிப் போடுவார்கள். கருவேலம் வைரம் பாய்ந்த மரம். துவர்ப்பு மிகுந்தது. ஓக் மரத்தில் சொன்ன அந்த ஆணிக் கறுப்பு இதிலும் விழும்.

போன தடைக்காலத்தில் மண்டபம் கரையில் ஒரு படகை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பலகை வேண்டும் என்று கேட்டதும் அங்கிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, தண்ணீருக்கு அடியில் இருந்ததை எடுக்காதீர்கள். மேல்பலகையைப் பாருங்கள்” என்றார். காரணத்தைப் பட்டறைக்கு வந்ததும் கண்ணால் பார்த்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த பலகையைக் குறுக்கே அறுத்தால், பென்சில் நுழையும் அளவுக்குக் கப்பல்புழு துளைத்த வழிகள், உட்சுவரில் சுண்ணாம்புப் பூச்சோடு இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் ஊசி குத்திய புள்ளிதான் தெரிந்தது. மேல்பலகை அப்படியில்லை. சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்த மேற்பரப்பை இழைத்துத் தள்ளினால், இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே தேன் நிறத்தில் மரம் புதிதாக இருக்கிறது. ஆணித் துளையைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம். அந்த வளையம் பேனாவின் உடலில் விழும்படி கட்டையை அறுத்தால், வாங்குகிறவரிடம் மரம் எங்கே இருந்தது என்று வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த மரத்துக்கான உழைப்பு மற்ற இரண்டையும்விட அதிகம் என்பதை மறைக்கக் கூடாது. முதல் வேலை ஆணி. காந்தத்தை வைத்துத் தடவினால் இரும்பு ஆணி அகப்படும். செம்பு ஆணியும் பித்தளைத் திருகாணியும் காந்தத்துக்கு அகப்படாது. மரத்தில் பச்சைக் கறை தெரிகிறதா என்று பார்த்துத்தான் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் ஆணி தப்பினால் உளியின் கூர் போகும், சுழலும் இயந்திரத்தில் கண்ணுக்கே ஆபத்து. அடுத்தது சாயம். பழைய படகுச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். பாசி பிடிக்காமலிருக்க அடிப்பகுதியில் பூசும் சாயத்தில் செம்புச் சேர்மம் இருக்கும். சாயத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது. அந்தப் பக்கத்தையே அறுத்துத் தள்ளிவிட வேண்டும். முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பழைய போர்க்கப்பல் மரத்துக்கும் இது பொருந்தும்.

பிறகு உப்பு. மரத்தில் உப்பு இருந்தால் மழைக்காலக் காற்றில் ஈரத்தை இழுக்கும், பித்தளைக் குழலைப் பச்சையாக்கும், கிளிப்பின் முலாத்தைக் கெடுக்கும். கட்டைகளாக அறுத்தபின் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். பிறகு வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும். உலர்ந்துவிட்டதா என்பதற்குக் கைக்கணக்கு போதாது. சிறிய எடை இயந்திரத்தில் வாரம் ஒருமுறை நிறுத்துக் கட்டையின் மேலேயே எழுதி வந்தால், எடை குறைவது எப்போது நிற்கிறது என்று தெரியும். நின்றபிறகுதான் துளையிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையில் எதுவும் ஒழுங்காக உலராது. தடைக்காலத்தில் எடுத்த மரத்தை மழைக்கு முன்பே உலர்த்தி முடித்துவிட வேண்டும்.

கடைசியாக மீன் எண்ணெய். மரப்படகுக்குக் காலங்காலமாகப் பூசிய எண்ணெய் பலகைக்குள் ஊறியிருக்கும். உப்புத்தாள் பிடிக்கும்போது சூடு ஏறியதும் அந்த வாடை பட்டறை முழுவதும் எழும். சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “பேனாவில் மீன் நாற்றம் அடித்தால் யார் வாங்குவார்கள்?” என்கிறார். எண்ணெய் இருப்பது மேற்பரப்பை ஒட்டித்தான். அதைக் கழித்துவிட்டு, கடைந்தபின் அசிட்டோனால் துடைத்து, மெல்லிய பசைப்பூச்சை அடுக்கடுக்காக ஏற்றி மெருகிட்டால் வாடை வெளியே வருவதில்லை.

ஒரு மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பு உள்ள பலகையில், அறுப்புத் தேய்மானம் போக நீளவாக்கில் ஏழும் அகலவாக்கில் ஆறுமாக 42 கட்டைகள் கணக்குக்கு வரும். ஆணியும் வெடிப்பும் கழித்தால் அதில் பாதி தேறினாலே நல்ல பலகை. ஆனாலும் விறகு விலையைவிடச் சற்று அதிகம் கொடுத்தாலே படகுக்காரர் மகிழ்வோடு தருகிறார். கட்டை வெடித்தால் மனம் பதறாது. இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சான்று நம் கையில் இருக்கிறது. படகின் பதிவு எண், எந்தக் கரை, எந்த ஆண்டு உடைத்தது, எந்தப் பகுதிப் பலகை என்று உரிமையாளரைக் கேட்டே எழுதிக்கொள்ளலாம். உடைக்கும்போது படம் எடுத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் சந்தேகப்பட்டால் நடந்துபோய்க் கரையில் விசாரிக்கலாம். போர்க்கப்பல் பேனா எந்த விலைக்கு விற்றாலும் இந்த வசதி அதற்கு இல்லை.

இதிலும் ஒரு சபலம் உண்டு. கலாமின் தந்தை ஜைனுலாபுதீன், ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியவர். அந்தப் படகு புயலில் உடைந்து போனது. நினைவிடத்துக்கு அருகில் விற்கும் பேனா என்பதால், “கலாம் வீட்டுப் படகின் மரம்” என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இரட்டிப்பு விலைக்குப் போகும் என்று மைத்துனரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மரம் என்று சொல்லவும் யோசனை வந்தது. இரண்டையும் நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். இந்தக் கரை இழந்ததை வைத்துப் பொய் வியாபாரம் செய்வதற்குப் பதில் பேனாவே செய்யாமல் இருக்கலாம். மைத்துனரும் ஒத்துக்கொண்டார்.

சித்தப்பாவின் கட்சியையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். நம்மூர் மரங்கள் கடைசலுக்கு மட்டம் இல்லை. வெளிநாட்டுப் பேனாக் கடைசல்காரர்கள் ‘கறுப்புப் பனை’ என்று விலை கொடுத்து வாங்குவது நம் பனையைத்தான். அடிமரத்தின் வெளிவளையத்தில் கறுப்பு நார்கள் நெருக்கமாக ஓடும். சற்றுச் சாய்வாக அறுத்துக் கடைந்தால் கறுப்பும் பழுப்புமாகத் தீற்றல் விழும். கடினம் என்னவென்றால் நார் இரும்பாக இருக்கும், நடுவில் உள்ள சோறு பஞ்சாக இருக்கும். உளி பட்டதும் நார் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் போன்ற உடனடிப் பசையை ஊறவிட்டு, இறுகியபின் கொஞ்சம் கடைந்து, மீண்டும் ஊறவிட்டு என்று பொறுமையாகப் போக வேண்டும். பச்சைப் பனையை இதற்காக வெட்டக் கூடாது, அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது. காற்றில் விழுந்ததும் பழைய வீட்டின் கைமரமும் போதும். ஓட்டுவீடு பிரிக்கும் இடங்களில் கிடைக்கும் முதிர்ந்த பனஞ்சட்டம் பேனாவுக்கு முதல் தரம்.

பூவரசு உளிக்கு வெண்ணெய். உள்மரம் சாக்லேட் நிறத்தில் மழுமழுவென்று வரும். புதிதாகக் கடைய வருகிறவர் கை பழக இதைவிட நல்ல மரம் கிடையாது. மாவட்டத்தையே மூடிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தை எல்லாரும் கரிமூட்டத்துக்குத்தான் நினைப்பார்கள். அதன் உள்மரம் செம்பழுப்பு. உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் இனம் அது. அதன் உறவு மரங்களை மெஸ்கீட் என்ற பெயரில் அமெரிக்கக் கடைசல்காரர்கள் விரும்பித் தேடுகிறார்கள். கரிக்குப் போகும் தடித்த அடிக்கட்டைகளில் சிலவற்றை ஒதுக்கி வாங்கினால் மரச்செலவு இல்லை என்றே சொல்லலாம். இந்த மூன்றுக்கும் உப்புத் தொல்லை இல்லை, பழைய வீட்டுப் பனஞ்சட்டத்தைத் தவிர ஆணித் தொல்லை இல்லை, சாய விஷம் இல்லை. வேலை பாதியாகக் குறைகிறது.

குறை ஒன்றுதான். இந்த மரம் வேறு ஊரிலும் கிடைக்கும். பனைப் பேனாவைத் திருச்செந்தூரிலும் விற்கலாம். மண்டபத்தில் வாங்கியது என்பதற்கு அந்தப் பேனாவுக்குள் எந்த அடையாளமும் இல்லை. ஆகவே விலையை உயர்த்த முடியாது. எண்ணிக்கையில்தான் லாபம் பார்க்க வேண்டும்.

பேனா வகையைப் பற்றியும் இரண்டு வரி. மைப்பேனா செய்ய ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. ராஜமுந்திரியின் ரத்னம் பேனாக்கள் 1930கள் முதல் காட்டிய கைத்தொழில் மரபு நம் கண்முன் இருக்கிறது. ஆனால் அவர்கள் கடைவது எபோனைட் என்ற கெட்டி ரப்பர். அது மையை உறிஞ்சாது. மரத்தில் மைப்பேனா செய்தால் மை படும் இடமெல்லாம் எபோனைட்டோ பித்தளையோ உள்ளுறையாக இருக்க வேண்டும். மூடிக்கு மரையும் வெட்ட வேண்டும். சித்தப்பாவின் கைக்கு அது வரும். முதல் ஆண்டில் வேண்டாம், பந்துமுனைப் பேனாவில் தொடங்குவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்படியெல்லாம் பேசியபின், தொழிலின் முதுகெலும்பாகப் படகு மரத்தை வைப்பது என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். வருகிற தடைக்காலத்தில் இரண்டு அல்லது மூன்று படகுகளின் மேல்பலகை மட்டும் வாங்குவது, ஒவ்வொரு படகின் கட்டைகளையும் தனித்தனிப் பெட்டியில் எண்ணிட்டு வைப்பது, ஒரு படகின் மரம் மற்றொன்றோடு கலக்கவே கூடாது என்பது சித்தப்பா போட்ட விதி. பேனாவோடு தரும் அட்டையில் கரையின் பெயர், உடைத்த ஆண்டு, மரத்தின் பெயர் ஆகிய மூன்றும் கட்டாயம். பதிவு எண் மட்டும் உரிமையாளர் சம்மதித்தால் இடம்பெறும். மரம் அயினியா வேம்பா என்று நிச்சயமில்லாதபோது “படகு மரம்” என்று மட்டும் எழுதுவோம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் விலையில் பூவரசும் பனையும் இருக்கும். அவை சித்தப்பாவின் பொறுப்பு. பட்டறையில் கடைசல் பழகும் பையன்களுக்கும் அதிலேயே கை பழகும்.

போர்க்கப்பல் மரத்துக்கும் கதவை முழுக்க அடைக்கவில்லை. கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகள் மூலம் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டை வாங்கி வந்து, “கடைந்து கொடுங்கள்” என்று யாராவது வரலாம். அவர்களுக்குக் கூலிக்குக் கடைந்து தருவோம். துளையிடும்போது மரம் வெடிக்க வாய்ப்பு உண்டு என்பதை முன்பே சொல்லி, ஒரு பேனாவுக்கு இரண்டு கட்டை கொண்டுவரச் சொல்வோம். கழிக்கும் துண்டுகளைத் தூள்வரை திருப்பிக் கொடுத்துவிடுவோம். அருங்காட்சியகம் தந்த காகிதம் அவர்களிடமே இருக்கட்டும். எங்கள் ரசீதில் கப்பலின் பெயரை எழுத மாட்டோம். “வாடிக்கையாளர் கொண்டுவந்த மரம், கடைசல் கூலி” என்று மட்டும்தான் எழுதுவோம்.